செஞ்சோற்றுக் கடன்: மும்பை உணவகங்களும் நம் நாவும்

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்நகரின் அறச்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் பரந்து ஓடிற்று என்கிறார். கூடல் மாநகரைப் பாடிய மாங்குடி மருதனாரோ, மெல்லிய அடையும் மோதகமும் விற்போர் நள்ளிரவு வரை விற்றுக் களைத்து, இருந்த இடத்திலேயே கண்ணயர்வதைக் காட்டுகிறார். முன்னது அறம்; பின்னது வாணிகம். பசித்தவனுக்கு இட்டது ஒன்று. காசு கொடுத்தவனுக்கு விற்றது மற்றொன்று. பெருநகரம் என்று பெயர் பெற்ற எந்த ஊரும் இவ்விரண்டும் இன்றி வாழ்ந்ததில்லை. அதே பட்டினப்பாலைதான், பல மொழி பேசும் வேற்று நாட்டார் புகாரில் கலந்து இனிது உறைந்த செய்தியையும் கூறுகிறது. பிற ஊர்களிலிருந்து வந்து கூடியோரும், அவர்தம் பசியாற்றியோரும் சேர்ந்தே நகரத்தை ஆக்கினர் என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையை நாம் வாழும் மும்பையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் புறப்பட்டுத் தகரப் பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாய்ப் பம்பாய் வந்திறங்கிய நம் மூத்தோர்க்கு முதற்சோறு இட்டவர் யார்? ‘நம்மவர்தாம்’ என்று விடை கூற நா முந்தும். வரலாற்றைச் சற்றே புரட்டினால் அவ்விடை பாதிதான் உண்மை என்று தெரியவரும். நாம் ஏங்கி நிற்கும் சுவைகளுள் பல நாம் கொண்டு வந்தவை அல்ல, நமக்கு இடப்பட்டவை.

தனியாட்களின் நகரம்

போர்த்துக்கீசியர் 1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையின் வழியே ஆங்கில மன்னருக்குச் சீதனமாக அளித்த தீவுக்கூட்டம், 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1853இல் போரிபந்தருக்கும் தாணாவுக்கும் இடையே இந்தியாவின் முதற் பயணிகள் ரயில் ஓடியது. அதே பத்தாண்டில் பஞ்சாலைகளும் எழுந்தன. ரயிலும் ஆலையும் துறைமுகமும் ஆட்களை அழைத்தன. வந்தவருள் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆடவர். நகரில் உணவு விற்கும் தொழில் வளர்ந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுவே. அடுப்பு வைக்க இடமில்லாத அறையில் ஐவரும் அறுவரும் தங்கியவர்களுக்குச் சோறு வெளியில்தான் கிடைக்க வேண்டும்.

1896இல் பரவிய பிளேக் நோய் நகரத்தின் நெருக்கடியை ஆட்சியாளர்க்கு உணர்த்தியது. 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறநிலை தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளும் மரங்களும் கொண்ட குடியிருப்புகளைத் திட்டமிட்டது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு வந்த தென்னாட்டார் அங்கே வாடகைக்குக் குடிபுகுந்தனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. சண்முகானந்த சபை 1952இல் உருவாயிற்று. பள்ளியும் சபையும் குடும்பங்கள் வந்து சேர்ந்ததன் அடையாளங்கள். அவற்றுக்கு முன்னரே அங்கே வேரூன்றியவை சாப்பாட்டுக் கூடங்கள். குடும்பமின்றித் தனித்திருந்த ஆடவர்க்கு அக்கூடமே வீடாக இருந்தது.

இலை விரித்த கை

மாட்டுங்கா மத்திய ரயில் நிலையத்தை ஒட்டி, அ. ராம நாயக் 1942இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இன்றும் இலை போடுகிறது. தென் கன்னட மாவட்டத்திலிருந்து இளம் வயதிலேயே பம்பாய்க்கு வந்து சமையற்கட்டு வேலையில் தேர்ந்தவர் அவர். அவர் கடை திறந்த காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டிலேயே பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்று போயிற்று. அடுத்த ஆண்டு, 1943இல், பம்பாயில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. சோறின்றி உணவே இல்லை என்று பழகிய நம்மவர் கோதுமையோடு சமாதானம் செய்துகொண்ட காலம் அது. இலையில் முதலில் பூரியோ சப்பாத்தியோ வைத்துப் பின்னர் சோறிடும் மாட்டுங்கா வழக்கத்தைக் காணுந்தோறும், சோற்று நாட்டாரும் கோதுமை நாட்டாரும் ஒரே இலையில் உடன்பாடு கண்டதாகவே நமக்குத் தோன்றுகிறது.

மாதச் சீட்டு வாங்கியவர்க்கு வேளைக்கு ஓர் இலை என்பது இத்தகைய கூடங்களின் பொதுவான முறை. சம்பள நாளன்று சீட்டு வாங்கிவிட்டால், மாதக் கடைசியில் பை வெறுமையானாலும் வயிறு வெறுமையாகாது. அம்முறையால் ஊருக்கு மணியார்டர் அனுப்பவும் முடிந்தது. எனவே நம் ஊர்களில் ஓடு மாற்றிய வீடுகளிலும் தங்கையரின் திருமணங்களிலும் இச்சாப்பாட்டுச் சீட்டுக்கும் ஒரு பங்குண்டு என்றால் மிகையாகாது.

அவ்விலையின் சுவையைச் சிறிது நினைவுகூர்வோம். பயற்றம்பருப்பும் வெள்ளரியும் தேங்காயும் கலந்த கோசம்பரி, பல்யம் என்று அவர்கள் கூறும் பொரியல், கூட்டு, பொரித்த அப்பளம், பிறகு சாம்பார். நம்மவர் முகம் சுளித்தது இந்தச் சாம்பாரில்தான். வறுத்தரைத்த தேங்காயும் சிறு வெல்லக்கட்டியும் சேர்வது தென் கன்னடத்தின் முறை. காரமும் புளிப்பும் தூக்கலாக இருந்து பழகிய நெல்லை நாவுக்கு அது பாயசத்தின் தூரத்து உறவாகப் பட்டது. முதல் மாதம் ஏசினர். இரண்டாம் மாதம் பொறுத்தனர். ஆறாம் மாதம் இன்னொரு கரண்டி கேட்டனர். பல்லாண்டு கழித்து ஊருக்குச் சென்றபோது, தாயார் வைத்த சாம்பாரில் ஏதோ குறைகிறது என்று எண்ணி, அவ்வெண்ணத்திற்காகத் தமக்குள் நாணியோரும் நம்மிடையே உண்டு. நாக்கு தாய்மொழியை மறவாவிடினும் தாய்ச்சுவையோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்கிறது. புலம்பெயர்ந்தோர் வாழ்வின் மெல்லிய துயரமும் நிறைவும் அதில் ஒருங்கே இருக்கின்றன.

இலைச் சாப்பாட்டுக்கு அடுத்து நிற்பது சிற்றுண்டி. கிங்ஸ் சர்க்கிளில் 1940இல் தொடங்கிய கபே மதராஸில் கொதிக்கும் ரசத்தில் ஊறிய வடை கிண்ணத்தில் வரும். மிளகும் சீரகமும் மூக்கில் ஏறக் கண் கலங்கி அதை உண்டு முடித்தால், பருவமழையில் நனைந்து வந்தவனுக்கு மருந்து வேறு வேண்டாம். ஞாயிறு காலைகளில் அக்கடையின் முன் குஜராத்தியரும் மராட்டியரும் சிந்திகளும் வரிசையில் பெயரெழுதிக் காத்து நிற்பதைக் காணலாம். ‘மதராஸ்’ என்னும் பெயரைத் தாங்கிய அக்கடையை நிறுவியது உடுப்பிப் பக்கத்துக் காமத் குடும்பம். அவர்கள் வீட்டுமொழி கொங்கணி. தமிழ்நாட்டின் தலைநகரது பெயரால் பம்பாய்க்குத் தோசை வார்த்தவர் தமிழர் அல்லர் என்பதைச் சிந்தித்தல் தகும்.

‘மதராசி’ என்னும் சொல்

தென்னாட்டார் எல்லாரையும் ‘மதராசி’ என்று வடபுலத்தார் அழைப்பது நமக்கு எரிச்சலூட்டும் வழக்கம். ஆயினும் அச்சொல்லுக்கு ஒரு காலத்தில் ஆட்சிமுறையில் பொருள் இருந்தது. தென் கன்னடமும் மலபாரும் 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை சென்னை மாகாணத்தின் மாவட்டங்களே. உடுப்பிச் சமையற்காரரும் பாலக்காட்டு ஐயரும் நெல்லைத் தொழிலாளியும் காகிதத்தில் ஒரே மாகாணத்தார். பம்பாய் அவர்களை ஒரே பெயரால் அழைத்தது. அவர்களும் ஒரே கூரையின்கீழ் உண்டனர். மாட்டுங்காவில் 1937இல் மணி ஐயர் தொடங்கிய சாப்பாட்டுக் கூடம் பாலக்காட்டு முறையில் மோர்க்குழம்பும் அவியலும் பரிமாறியது. அங்கே துளு பேசியவரும் உண்டார். உடுப்பிக் கூடத்தில் தஞ்சாவூராரும் உண்டார்.

சென்னையிலேயே நிலை வேறாக இல்லை. உடுப்பியிலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ் 1938இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் ஓட்டல்தான் அந்நகரத்துச் சிற்றுண்டிக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. உடுப்பியில் மத்துவர் நிறுவிய கிருஷ்ணன் கோயிலும், அதனைச் சூழ்ந்த எட்டு மடங்களும், அங்கே நாள்தோறும் நடைபெறும் அன்னதானமும் தலைமுறை தலைமுறையாகப் பெருஞ்சமையல் பயின்றவர்களை உருவாக்கின. ஆயிரம் பேருக்கு அளவு பிசகாமல் சமைக்கும் கைக்குப் பெருநகரம் அஞ்சத்தக்கதன்று. பட்டினப்பாலையின் அறச்சோறும் மதுரைக்காஞ்சியின் அங்காடியும் உடுப்பியார் கையில் ஒன்றாயின எனலாம். பின்னர், 1974ஆம் ஆண்டின் கர்நாடக நிலச் சீர்திருத்தத்தால் நிலம் குறைந்த பண்டு குடும்பத்து இளைஞரும் இத்தொழிலை நாடினர். பம்பாயின் ‘ஷெட்டி ஓட்டல்’ பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். பகலில் மேசை துடைத்து, இரவுப் பள்ளியில் படித்து, பின்னாளில் கடை முதலாளிகளானோர் அவருள் பலர்.

இட்லி நம்முடையது என்று நாம் கொண்டாடுகிறோம். அதன் பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூற்சான்று, ஏறத்தாழ 920ஆம் ஆண்டில் சிவகோட்டியாசாரியர் கன்னடத்தில் எழுதிய வட்டாராதனையில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசமும் அதனைக் குறிக்கிறது. அன்றைய இட்லி உளுந்தால் ஆனது. அரிசியும் உளுந்தும் சேர்த்தரைத்துப் புளிக்க வைத்து ஆவியில் வேகவைக்கும் இன்றைய வடிவம் பின்னர் அமைந்தது என்பர். இதனால் நம் உரிமை ஒன்றும் குன்றிவிடாது. உண்டவர்க்கும் ஆக்கியவர்க்கும் உணவு ஒருங்கே சொந்தம் என்பதே இதனால் நாம் அறிவது.

பம்பாய் நமக்குத் திருப்பித் தந்த தோசையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மைசூர் மசாலாத் தோசை என்றால் உட்புறம் சிவப்பு மிளகாயும் பூண்டும் அரைத்த சட்டினி தடவியது. பம்பாய்த் தெருவோரக் கடைக்காரர் அதோடு நில்லார். தோசைக்கல்லின் மீதே தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கொட்டி, வெண்ணெய் உருக, பாவ் பாஜி மசாலா தூவி, மத்தால் மசித்துப் பரப்பிவிடுவார். ஆலைத் தொழிலாளர் உண்ட எளிய பண்டமாகப் பிறந்ததென்று சொல்லப்படும் பாவ் பாஜி நம் தோசைக்குள் குடியேறிய விந்தை இது. மயிலாப்பூர்ப் பாட்டியார் இதனைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்வார். நம் பேரப்பிள்ளைகளோ இதற்காகவே அடம் பிடிக்கின்றனர்.

சைக்கிள் மணக்கும் காலை

மாட்டுங்காவைச் சொல்லித் தாராவியைச் சொல்லாது விடுவது தமிழர் வரலாறாகாது. நெல்லைச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிசை கட்டி வாழத் தலைப்பட்டனர். பதனிடும் கூடங்கள் பல பிற்காலத்தில் மூடப்பட்டன. தமிழர் குடியிருப்புகள் நிலைத்தன. அவற்றோடு இட்லித் தொழிலும் நிலைத்தது.

நகரம் உறங்கும் வேளையில் அங்கே மாவு புளித்துக் கொண்டிருக்கும். இருள் பிரியுமுன் அடுப்பு மூண்டுவிடும். ஒற்றை அறையில், பிள்ளைகள் ஒரு மூலையில் உறங்க, பெண்கள் தட்டுத் தட்டாக இட்லி அவிப்பர், வடை பொரிப்பர், தேங்காய்ச் சட்டினி அரைப்பர். ஆண்கள் அலுமினியக் குண்டானில் துணி விரித்து இட்லியை அடுக்கிச் சைக்கிளின் பின்னே கட்டி, ரப்பர் ஊதுகுழலைப் பாம் பாம் என்று அழுத்திக்கொண்டு தாதரிலும் பரேலிலும் கோட்டைத் தெருக்களிலும் பரவுவர். ஓசை கேட்டுக் கூர்க்காவும், கார் துடைப்பவரும், அவசரமாக ரயிலேற ஓடும் குமாஸ்தாவும் கூடுவர். கூலிக்காரனுக்கு மலிவாய், சூடாய், வயிற்றைக் கெடுக்காததாய்க் காலையில் கிடைக்கும் உணவு இதைவிட வேறில்லை.

ஆண்டுக் கணக்கை நாம் வரிசையாகச் சொல்ல முடிந்தது கடைப்பலகை வைத்தவர்களுக்கு மட்டுமே. இச்சைக்கிள் இட்லிக்குத் தொடக்க ஆண்டு எழுதிய பலகை இல்லை. விற்பவரை நகரம் ‘அண்ணா’ என்று பொதுப்பெயரால் அழைக்கிறது. அவித்தவளை எப்பெயராலும் அழைப்பதில்லை. மும்பையில் தமிழர் தம் கையால் சமைத்து நகரத்திற்கு ஊட்டிய வரலாற்றின் பெரும்பகுதி பெயரற்ற இப்பெண்களின் கையில் இருக்கிறது. நம் சங்க மலர்களில் அவர்களைப் பற்றிய பக்கங்கள் எத்தனை என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லார்க்கும் ஒரே மேசை

சாதி பற்றியும் இங்கே நேர்மையாகப் பேசுவோம். பழைய பம்பாயில் குறிப்பிட்ட வகுப்பார்க்கு மட்டும் என்றிருந்த போஜன சாலைகள் உண்டு. நம் ஊர்களின் நிலை அதனினும் கொடிது, தேநீர்க் கடையில் தனிக் குவளை, கொல்லைப்புறத்தில் தனி இடம் என்பன நம் மூத்தோர் பலர் கண்ணால் கண்டவை, சிலர் பட்டவை. அத்தகைய ஊரிலிருந்து வந்த ஒருவர் இரானியரின் தேநீர்க் கடைக்குள் நுழைந்த நாளை எண்ணிப் பார்ப்போம்.

பாரசீகத்தின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி வந்த ஜரதுஷ்டிர சமயத்தாரே இரானியர். தெருமுனைக் கடை ஆகாது என்று பிறர் தயங்கிய மூலையிடங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர் என்பது பம்பாயில் வழங்கும் செய்தி. இருபுறமும் காற்றும் வெளிச்சமும் வரும் அம்மூலையில் சலவைக்கல் பதித்த மேசை, வளைமர நாற்காலி, கண்ணாடிச் சாடிகளில் பிஸ்கோத்து. 1904இல் தொடங்கிய கியானியும் 1923இல் தொடங்கிய பிரிட்டானியாவும் இவ்வகையில் புகழ்பெற்றவை. பிரிட்டானியாவின் புலாவில் பாரசீகத்திலிருந்து வருவிக்கும் புளிப்புச் சிறுபழம் சிவப்பு மணிகளாய்ச் சிதறிக் கிடக்கும். புலால் உண்ணாத நம்மவர்க்கு அமைந்தது மஸ்கா பன்: மெத்தென்ற ரொட்டியைக் கீறி வெண்ணெய் அப்பி, பாலில் கொதித்த தேநீரில் தோய்த்து உண்பது. டிகிரி காப்பியில் பிறந்து வளர்ந்தவனையும் தேநீருக்கு மாற்றிய வல்லமை அந்தக் கோப்பைக்கு உண்டு.

ஒரு தேநீரை வைத்துக்கொண்டு நெடுநேரம் நாளிதழ் படிக்கலாம். வேலை விளம்பரம் பார்த்து விண்ணப்பம் எழுதலாம். பக்கத்து மேசையில் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ஊரில் மறுக்கப்பட்ட மேசை பம்பாயில் ஒரு தேநீரின் விலைக்குக் கிடைத்தது. உணவகத்திற்கும் சமத்துவத்திற்கும் உள்ள தொடர்பு எளியதன்று என்பதை நம் அரசியற் சட்டமே காட்டுகிறது. 1950இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைவதற்குச் சாதியோ சமயமோ தடையாகக் கூடாது என்று உணவகத்தைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அச்சட்ட வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கரின் ‘ராஜகிருகம்’ என்னும் இல்லம், நம் மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில்தான் இருக்கிறது.

1950களில் நூற்றுக்கணக்கில் இருந்த இரானிக் கடைகளுள் இன்று எஞ்சியவை சிலவே. பிள்ளைகள் வேறு தொழில் நாடினர். மூலைமனையின் விலை ஏறியது. சலவைக்கல் மேசைகள் பழம்பொருட் கடைக்குச் சென்றன.

கல்லும் வடையும்

நம் வரலாற்றின் கசந்த பக்கம் ஒன்றையும் புரட்ட வேண்டும். 1960 மே முதல் நாள் மராட்டிய மாநிலம் உருவாயிற்று. 1966 ஜூன் 19இல் தோன்றிய சிவசேனை, நகரத்து வேலைகள் மண்ணின் மைந்தர்க்கே என்று முழங்கியபோது அதன் முதல் இலக்கு ‘மதராசி’களே. லுங்கியையும் நம் பேச்சையும் எள்ளிய முழக்கங்களை அக்காலத்தில் வாழ்ந்தோர் மறவார். அவ்வாண்டுகளில் தென்னிந்திய உணவகங்கள் மீது கற்கள் விழுந்தன. மைசூர் மாநிலத்துடனான எல்லைத் தகராற்றை முன்னிட்டு 1969 பிப்ரவரியில் எழுந்த கலவரத்தில் உடுப்பிக் கடைகள் பல தாக்குண்டன. எறிந்தவர் கன்னடர், துளுவர், கொங்கணியர், தமிழர் என்று வேறுபாடு பார்க்கவில்லை. உண்ணும்போது ஒன்றாயிருந்தோர் அடிபடும்போதும் ஒன்றாயினர். கதவை இழுத்துச் சாத்தி, விளக்கணைத்து, உள்ளே மாட்டிக்கொண்ட வாடிக்கையாளர்க்குச் சோறு போட்ட கூடங்களையும் மூத்தோர் நினைவு கூர்வதுண்டு.

அதே 1966இல் தாதர் ரயில் நிலையத்தருகே அசோக் வைத்தியா என்பவர் உருளைக்கிழங்கு வடையைப் பாவ் ரொட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. வடாபாவ் அங்கிருந்து பரவியது. மராட்டிய இளைஞர் சொந்தத் தொழில் தொடங்க ஏற்ற வழியாக இதனைச் சிவசேனை ஊக்குவித்தது. உடுப்பிச் சிற்றுண்டிக்கு ஒரு மறுமொழியாகவும் அது அமைந்தது. 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். ஆலைகள் பல மீண்டும் முழுமையாக எழவேயில்லை. வேலை இழந்தோர் சிலர்க்கு எண்ணெய்ச் சட்டியும் ஒரு கைவண்டியுமே கைகொடுத்தன. எனவே வடாபாவை நம்மை விரட்ட வந்த பண்டமாக மட்டும் காண்பது பிழை. அதுவும் ஒரு வகையில் வேலை தேடி அலைந்தவன் கண்ட வழி.

அதன் கூறுகளை எண்ணினால் வியப்பு மேலிடும். பாவ் என்னும் ரொட்டி போர்த்துக்கீசியர் வழியாகக் கோவா அடுமனைக்காரர் கொணர்ந்தது. உருளைக்கிழங்கை மராட்டியர் ‘பட்டாட்டா’ என்பதும் போர்த்துக்கீசியச் சொல்லே. மிளகாய் கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து வந்தது. மண்ணின் மைந்தர் உணவும் கப்பலேறி வந்ததே. இதனை எள்ளலாக நாம் கூறவில்லை. பிஞ்சுப் பச்சை மிளகாயைப் பொரித்து உப்பில் புரட்டி, பூண்டுப் பொடி தூவி, சூடாற்றாமல் கொடுக்கும் வடாபாவுக்கு, அன்று கல்லுக்கு அஞ்சி ஒளிந்தவரின் பிள்ளைகளும் இன்று மாலைதோறும் ஏங்கி நிற்கின்றனர். மராட்டிய வீட்டார் ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு வரிசையில் நிற்கின்றனர். மேடையில் தீராத வழக்கை நாக்கு தீர்த்து வைத்தது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை என்று நாம் துணிய மாட்டோம். அண்டை வீட்டுப் பண்டத்தை விரும்புவோர் அனைவரும் அண்டை வீட்டானை விரும்புவர் என்பதற்கு உறுதியில்லை. 1969இல் கல்லெறிந்தவருள் அதற்கு முந்தைய நாள் தோசை உண்டவரும் இருந்திருக்கக்கூடும்.

கடன் தீர்க்கும் வகை

தமிழில் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்றொரு சொல்லுண்டு. உண்ட சோற்றுக்கு உயிரையும் ஈடு தருதல் என்று கன்னன் கதையால் நாம் அறிந்தது. நம் மூத்தோர் பம்பாயில் உண்ட சோற்றுக்குக் காசு கொடுத்தனர். ஆகவே கடன் தீர்ந்தது என்று வாதிடலாம். காசு அரிசிக்கும் பருப்புக்கும் ஈடாகும். காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கேளாமலே மிளகு ரசமும் குழைந்த சோறும் எடுத்து வைத்த பரிமாறுபவரின் பரிவுக்கு எந்தச் சீட்டிலும் விலை குறிக்கப்படவில்லை. ஊர்க்கடிதம் வந்த நாளில் முகம் வாடியவனின் இலையில் இன்னொரு கரண்டி நெய் விழுந்ததற்கும் கணக்கில்லை.

இன்று நம் குடும்பங்கள் மாட்டுங்காவை விட்டு முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நவி மும்பைக்கும் பெயர்ந்துவிட்டன. வேண்டிய பண்டம் கைப்பேசியில் விரல் தொட்டால் வாசலுக்கு வருகிறது. கொண்டு வந்தவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை. அவரும் பெரும்பாலும் வேற்றூரிலிருந்து அண்மையில் வந்து, ஐவரோடு ஓர் அறையில் தங்கியிருப்பவரே. நம் பாட்டனார் நின்ற இடத்தில் இன்று அவர் நிற்கிறார். அவர் மொழி வேறு என்பதால் ‘வந்தேறி’ என்று ஏசும் குரல் நம் வீட்டுக் கூடத்திலிருந்தே எழுமானால், 1960களில் நாம் பட்ட துயரத்திலிருந்து நாம் ஒன்றும் கற்கவில்லை என்பதே பொருள்.

ஆகவே கடனைத் தீர்க்க எளிய வழிகள் சில உண்டு. நம் சங்கத்தார் மூத்தோரிடம் அமர்ந்து, அவர்கள் முதன்முதல் எந்தக் கூடத்தில் உண்டனர், பரிமாறியவர் பெயர் என்ன, சீட்டின் விலை எவ்வளவு என்பதை எழுதி வைக்கலாம். இன்னும் பத்தாண்டு கழிந்தால் சொல்வதற்கு ஆளிரார். தாராவியில் இட்லி அவிக்கும் தாய்மாரின் வாழ்வை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யலாம். அடுத்த பொங்கல் விழாவில் சிற்றுண்டிப் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்து, பந்தியின் முதல் வரிசையில் அவர்களை அமர்த்தி, நாம் பரிமாறலாம். சாம்பாரில் சிறிது வெல்லமும் சேர்ப்போம். அது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், இலை போட்டவர்களின் கதையைச் சொல்ல அதுவே நல்ல தருணம்.